வரம்பும் எச்சமும்

சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் தமது கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டே தொடங்குகிறார். அக்கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிவதுதான் அரிது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய வரலாறு என்று கொள்ளலாம். கட்டியின் நடுப்பகுதி கைக்குத் தட்டுப்படும். கதிர்ப்படத்தில் வெண்மையாகத் தெரியும். அதன் ஓரமோ கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் புலப்படாது. நோயுற்ற கலங்கள் நல்ல இழையத்தினுள்ளே நூலோடியதுபோல ஊடுருவி, கத்தி நின்ற இடத்துக்கு அப்பாலும் எஞ்சியிருக்கக்கூடும். இந்த ஓரத்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே, நோயாளி மயக்கநிலையில் இருக்கும்போதே, காட்டித்தர முயலும் கருவிகள் இன்று பல தோன்றியுள்ளன. அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டத் தவறுகின்றன, எத்தகைய பெண்ணுக்கு அக்காட்சி மிகவும் வேண்டற்பாலது என்பவற்றை எனது ஊராகிய முரசுமோட்டையில் நின்று நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

ஓரம் தெரியாதபோது முழுவதையும் அகற்றிவிடுவது ஒரு வழி. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்ரட் அவ்வழியையே வகுத்தார். மார்பகம், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளின் நிணநீர்க்கணுக்கள் ஆகிய யாவற்றையும் ஒருசேர அகற்றும் அவரது முறை 1894இல் வெளியான அவரது அறிக்கையின் பின்னர் உலகெங்கும் பரவிற்று. நெஞ்சு குழிந்து, கை வீங்கி, தோள் அசையாது போன பெண்கள் பலர் அம்முறையால் உயிர் பிழைத்தனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அத்தனையையும் இழந்தேயாக வேண்டுமா என்ற வினாவை முறையாக எழுப்பி, ஆய்வினால் விடை காண்பதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தன.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பேட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரு பிரிவாக வகுத்து ஆராய்ந்தார். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்ரட் முறை. மற்றப் பிரிவினருக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை மாத்திரம் அகற்றிப் பின்னர் கதிர்ச்சிகிச்சை. அமெரிக்காவிலே பேணாட் பிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வு இன்னும் பெரியது. 1,851 பெண்களின் விபரங்கள் அதிற் கணிக்கப்பட்டன. இருவருடைய 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் ஒருங்கே வெளிவந்தன. மார்பகம் முழுவதையும் இழந்தவரும் ஒரு பகுதியை மாத்திரம் இழந்தவரும் உயிர்வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவ வரலாற்றில் ஓர் உறுப்பைக் காத்துத் தந்த கணக்குகள் சில உண்டு. அவற்றுள் இதனை முதல்வரிசையில் வைத்தல் தகும்.

இவ்விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. முழுவதையும் அகற்றிய காலத்தில் ஓரம் எங்கே என்ற கவலை பெரிதாக எழவில்லை. பகுதியை மாத்திரம் அகற்றத் தொடங்கியதும் அக்கவலையே தலையாயதாயிற்று. பிஷரின் ஆய்வில், கட்டியை அகற்றியபின் கதிர்ச்சிகிச்சை பெற்றோருள் 14.3 சதவீதத்தினருக்கு 20 ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்ச்சிகிச்சை பெறாதோருள் அத்தொகை 39.2 சதவீதமாயிற்று. ஓரம் தூயதென்று அறிக்கை வந்த பெண்களிடத்தும் இவ்வாறு நிகழ்ந்தது. எனவே எச்சம் என்பது கற்பனையான அச்சமன்று. அது எண்ணிக் காட்டப்பட்ட உண்மை.

ஓரத்தை அறிவதற்கு இன்றுவரை நிலைத்துள்ள முறை எளிமையானது, ஆனால் மெதுவானது. வெட்டியெடுத்த இழையத்தின் புறப்பரப்பு முழுவதற்கும் மை பூசுவார்கள். பின்னர் அதனைப் போமலினில் இட்டு இறுகச் செய்து, மெல்லிய துண்டங்களாக்கி, மெழுகிற் பதித்து, கண்ணாடித் தட்டில் ஏற்றி, நிறமூட்டி, நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியினூடே நோக்குவார். புற்றுக்கலம் அந்த மையைத் தொட்டு நின்றால், கத்தி நோயினூடே சென்றது என்பது பொருள். மையைத் தொடாது நின்றால், ஊடுருவும் வகைப் புற்றுக்கு அதுவே போதுமானது என 2014இல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் வரையறுத்தன. இவ்விடை வருவதற்கு நாட்கள் செல்லும்; ஆளும் வசதியும் குறைந்த நாடுகளில் வாரங்களும் செல்லும். அதற்குள் நோயாளி வீடு சென்றிருப்பார், தையலும் வெட்டப்பட்டிருக்கும். மேலைநாட்டு அறிக்கைகள் பலவற்றின்படி, மார்பகத்தைக் காக்கும் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் திரும்ப நேர்கிறது.

இந்த ஐந்திலொன்று என்பது எங்கும் ஒரே எண்ணாக இருக்கலாம். அதன் பாரம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியிற் சில கிலோமீற்றர் கிழக்கே சென்றால் முரசுமோட்டை வரும். மோட்டை என்பது வன்னியிலே சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். ஊரின் வாழ்வு இரணைமடுக் குளத்து நீரிலும் நெல்வயலிலும் தங்கியுள்ளது. காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டே இங்கு ஆண்டின் பிரிவுகள். திருமணமும் கடனும் வைத்தியமும் அவற்றுக்கேற்பவே நாள் பெறுகின்றன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் முழுவதும் இதே வீதியால் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தவர்கள் கூரையும் வரம்பும் இல்லாத நிலத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். எனது மாமியும் அவ்வாறு மீண்டு வந்த ஒருவர். இரண்டு ஏக்கர் வயலைத் தாமே பார்த்துவந்தார்.

2016ஆம் ஆண்டு ஆவணியில் அவரது இடது மார்பிற் கட்டியொன்று உறுதிசெய்யப்பட்டது. விதைப்புக்கு முன் முடித்துவிடலாம் என்று நாள் குறித்து, புரட்டாதியில் நகரத்து வைத்தியசாலையொன்றிற் கட்டியை மாத்திரம் அகற்றினார்கள். ஐப்பசியில் வயல் விதைத்தாயிற்று. அதன் பின்னரே அறிக்கை வந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ஓரிடத்திற் புற்றுக்கலங்கள் மையைத் தொட்டு நிற்கின்றன என்றும், மீண்டும் வெட்டுதல் வேண்டும் என்றும் வைத்தியர் கூறினார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லைத் தாதி 'கரை' என்று தமிழாக்கினார். மாமிக்கு விளங்கவில்லை. நான் 'வரம்பு' என்றேன்.

"வரம்பெண்டால் எனக்கு விளங்கும், பிள்ளை" என்றார் மாமி. "வரம்பிலை ஒரு கோரைக்கிழங்கு கிடந்தாலும் மற்றப் போகம் வயலுக்கை நிக்கும். அப்ப அதைக் கிண்டத்தானே வேணும்."

வைத்தியம் கற்றவர் எவரும் இதனினும் தெளிவாக இக்கருத்தை எனக்கு விளக்கியதில்லை. கோரையின் தாளைப் பிடுங்குவது எளிது. மண்ணுக்குள் நிற்கும் கிழங்கே அதன் உயிர். அது எங்கே நிற்கிறதென்பது மண்வெட்டி பிடித்தவருக்கும் தெரியாது. கார்த்திகை மழையில், வயலுக்கு உரமிட வேண்டிய நாட்களில், மாமி இரண்டாம் முறை வைத்தியசாலைக்குச் சென்றார். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவருகே, "இந்தமுறையாவது பாத்து எடுப்பினமோ?" என்று கேட்டார். அவர் கேட்டதிற் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. தமிழிலே 'பார்த்து' என்ற சொல்லுக்குக் கண்ணாற் கண்டு என்பதும் கவனமாக என்பதும் ஒருங்கே பொருளாகும். முதலாவது பொருளிற் பார்ப்பதற்கு அந்தக் கூடத்திற் கருவி எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் முறை வெட்டியெடுத்த இழையத்திற் புற்றுக்கலம் ஒன்றேனும் காணப்படவில்லை என்று பின்னர் அறிக்கை வந்தது. இது புதுமையான நிகழ்ச்சியன்று. இவ்வாறு மறுபடி வெட்டியெடுக்கப்படும் இழையங்களுட் கணிசமானவற்றில் எச்சம் இருப்பதில்லை. எனினும் வெட்டாமல் அதனை அறிய வழியில்லை.

இங்கே மொழி பற்றி ஒரு சொல். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தவர். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' என்ற நூல் அவரது முயற்சியால் 1867இல் தமிழில் வெளிவந்தது. அறுவையைத் தமிழில் விளக்கலாம் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எமது மண்ணில் நிறுவப்பட்ட ஒன்று. அவ்வாறிருக்க, தனது உடலின் எல்லை எங்கே வகுக்கப்பட்டது என்ற செய்தி ஒரு பெண்ணுக்கு அவளறியாத மொழியிலே தாளில் வருகிறது. சம்மதக் கையொப்பம் இடுமுன் அவளுக்கு விளங்கவேண்டிய சொற்கள் மிகப் பலவல்ல. வரம்பு, எச்சம், மறுபடி வெட்டுதல், கதிர்ச்சிகிச்சை என்பன போன்ற ஒரு கைப்பிடிச் சொற்களே. அவற்றை மக்கள் வழங்கும் தமிழில் ஆக்கித் தருவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் பணிக்கு அப்பாற்பட்டதன்று.

இனிக் கருவிகளை நோக்குவோம். றொன்ஜன் 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். பேர்லின் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேட் சலமன் 1913இல் வெளியிட்ட ஆய்வுக்காக, வெட்டியகற்றப்பட்ட மார்பகங்கள் ஏறத்தாழ 3,000ஐக் கதிர்ப்படம் பிடித்து, நோய் எங்கனம் பரவுகிறது என்று ஆராய்ந்தார். உயிருள்ள பெண்ணின் மார்பகத்தைப் படம்பிடித்து நோயை முன்கூட்டி அறியும் முறை இதற்குப் பல ஆண்டுகள் பின்னரே வழக்கில் வந்தது. ஆகவே மார்பகத்தின் கதிர்ப்பட வரலாறு வெட்டியெடுத்த இழையத்திலிருந்தே தொடங்குகிறது. இன்று சத்திரசிகிச்சைக் கூடத்தினுள்ளே ஒரு சிறு பெட்டி போன்ற எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்து, எடுத்த துண்டை உடனே படம்பிடித்து, கட்டியும் கல்சியப் புள்ளிகளும் அதனுள் முழுமையாக அடங்கியுள்ளனவா என்று நோக்குகிறார்கள். சில நிமிடங்களே செல்லும். சலமன் செய்ததன் நேர்வாரிசு இது. கதிர்ப்படத்தில் தெரியாத கலங்களை இது காட்டாது. எனினும் கட்டி படத்தின் ஓரத்தை முட்டி நின்றால், அப்பக்கத்தில் இன்னும் சிறிது வெட்டலாம் என்பதை நோயாளி மயக்கம் தெளியுமுன்பே அறிய முடிகிறது.

மற்றொன்று கழியொலிக் கருவி. மக்கள் ஸ்கான் என்று வழங்குவது. கருவுற்ற தாய்மாருக்குப் பயன்படும் இக்கருவியை, சத்திரசிகிச்சை நிபுணர் தாமே கையிலேந்தி, வெட்டும்போதே கட்டியின் எல்லையைத் திரையிற் பார்த்து வெட்டலாம். நெதர்லாந்தில் 134 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், கைக்குத் தட்டுப்படும் கட்டிகளைக் கைத்தடவலை மாத்திரம் நம்பி அகற்றியபோது 17 சதவீதத்தினருக்கு ஊடுருவும் புற்று ஓரத்தில் எஞ்சியது. கழியொலியின் துணையோடு அகற்றியபோது 3 சதவீதத்தினருக்கே எஞ்சியது. எமது நாட்டிலே பெரும்பாலான பெண்கள் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பின்னரே வைத்தியரை நாடுகின்றனர். ஆதலின் இந்த ஆய்வு எமக்கு மிக அண்மையானது.

அக்குளின் நிணநீர்க்கணுக்களுக்கு வேறொரு தேடல் உண்டு. நோய் முதலிற் சென்றடையக்கூடிய காவற்கணுவை மாத்திரம் கண்டெடுத்துச் சோதித்தால், அது தூயதாயின் ஏனைய கணுக்களை அகற்றாது விடலாம். கை வீங்கும் துன்பமும் குறையும். 1993இல் கதிர்த்தொழிற்பாடுள்ள மருந்தையும் அதனை உணரும் சிறு கோலையும், 1994இல் நீலச் சாயத்தையும் கொண்டு இக்கணுவைக் காணும் முறைகள் அமெரிக்காவில் வெளியிடப்பட்டன. கதிர்த்தொழிற்பாடுள்ள தெக்னீசியம் ஆறு மணித்தியாலத்திற் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆதலால் அதனை வழங்கும் நிலையத்திலிருந்து தூரத்தேயுள்ள வைத்தியசாலைகளுக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை. பச்சை நிறச் சாயமொன்றை ஏற்றி, சிவப்புக்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குப் புலனாகாத ஒளியாற் படம்பிடித்து அக்கணுவைக் காணும் முறையும் பின்னர் தோன்றியது. அதற்கு அணுமருத்துவப் பிரிவு வேண்டியதில்லை.

ஒளியைக் கொண்டே எச்சத்தைத் தேடுவது இவற்றுள் மிகப் புதியது. பெகுலிசியானின் என்னும் மருந்து சத்திரசிகிச்சைக்குச் சில மணித்தியாலங்களின் முன் நாளத்தினூடாக ஏற்றப்படும். அது ஒளிராத நிலையில் உடலெங்கும் சுற்றும். புற்றுக்கட்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கதெப்சின் முதலான, புரதத்தை உடைக்கும் நொதியங்கள் மிகுந்து தொழிற்படுகின்றன. அவை அம்மருந்தை வெட்டியவுடன் அது ஒளிரும் ஆற்றல் பெறுகிறது. கட்டியை அகற்றியபின் ஏற்பட்ட குழியினுள்ளே சிறு ஒளிக்கோலொன்றை வைத்து நிபுணர் நோக்குவார். ஒளிரும் இடம் திரையிற் குறித்துக் காட்டப்படும். அவ்விடத்தில் இன்னும் சிறிது சீவியெடுப்பார். ஏனைய முறைகள் பல வெட்டியெடுத்த துண்டையே சோதிக்கின்றன. இது உடலில் எஞ்சிய குழியைச் சோதிக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதனை நிதானத்துடன் படித்தல் வேண்டும். கட்டியை வழமைபோல் அகற்றி முடித்தபின் 357 பெண்களிடம் இவ்வொளியால் தேடியபோது, 27 பேரிடத்தில் அதுவரை தெரியாதிருந்த எச்சம் அகப்பட்டது. ஓரத்திற் புற்று நின்ற 62 பேருள் 9 பேருக்கு இரண்டாம் சத்திரசிகிச்சை தவிர்ந்தது. ஆயின், எச்சம் உண்மையில் இருந்த இடங்களுள் ஏறத்தாழப் பாதியையே ஒளி காட்டியது. நோயற்ற இடங்களுள் நூற்றுக்குப் பதினைந்தளவில் வீணே ஒளிர்ந்தன. சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. அவருள் இருவருக்கு அது கடுமையாயிற்று.

இத்தகைய எண்களின் பொருளை எமது மாவட்டத்து மக்கள் வேறொரு தேடலிற் கண்டறிந்துள்ளார்கள். போருக்குப் பின் முகமாலை முதலான இடங்களிற் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. வன்னிப் பெண்கள் பலர் அதில் ஈடுபட்டனர். உலோகமுணரும் கருவி வெடிக்கும் ஒலிக்கும். துருப்பிடித்த ஆணிக்கும் ஒலிக்கும். எறிகணைச் சிதறலுக்கும் ஒலிக்கும். ஒலித்த ஒவ்வோரிடத்தையும் மண்ணை விரலளவாகச் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். வீண் ஒலியால் நேரம் கழியும். ஒலியாத வெடியால் உயிர் போகும். ஆதலால் அப்பணியில் இறங்கியவர் கருவியை மாத்திரம் நம்பி ஒருபோதும் நிலத்தை விடுவித்ததில்லை. ஒழுங்கு, பொறுமை, மறுசோதனை ஆகியவையே நிலத்தை விடுவித்தன. கருவி அவற்றுக்குத் துணைநின்றது. சத்திரசிகிச்சைக் கூடத்து ஒளிக்கும் இதுவே தகுந்த இடம். அது ஒளிராத காரணத்தால் மெழுகும் மையும் நுணுக்குக்காட்டியும் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

இனி, கருவியே இல்லாத ஒரு முறையையும் கூறவேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 235 பெண்கள் இடம்பெற்றனர். கட்டியை அகற்றி முடித்தபின், குழியின் சுற்றுச்சுவர் முழுவதிலும் மெல்லிய ஒரு படலத்தை மேலதிகமாகச் சீவியெடுப்பதே அங்கு சோதிக்கப்பட்டது. அவ்வாறு சீவாதபோது 21 சதவீதத்தினருக்கு இரண்டாம் சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. சீவியபோது அது 10 சதவீதமாகக் குறைந்தது. வேறுவேறு நிலைமைகளில் நடந்த ஆய்வுகளை எண்ணுக்கு எண் ஒப்பிடுதல் முறையன்று. எனினும் புதிய ஒளி தர முயலும் பயனில் ஒரு பெரும்பங்கை, கத்தியைக் கையிற் கொண்ட நிபுணர் சில நிமிடங்களை மேலதிகமாகச் செலவிட்டுத் தரமுடியும் என்பது இதனாற் புலனாகிறது. வயலிலே வரம்போரத்தைச் சுற்றிச் செதுக்கும் கமக்காரனின் செயலும் இதுவே. கோரைக்கிழங்கு எங்கே என்று தெரியாதபோது அவன் ஓரம் முழுவதையும் செதுக்குகிறான்.

இவ்வளவும் மார்பகத்தைக் காக்கும் சத்திரசிகிச்சை கிட்டிய பெண்களைப் பற்றியது. அது கிட்டாத பெண்கள் எமது நாட்டிற் பலர். கட்டியை மாத்திரம் அகற்றினால் கதிர்ச்சிகிச்சை வேண்டும் என்பதைப் பிஷரின் எண்கள் காட்டின. முற்காலத்தில் அது ஐந்து வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாள்தோறும் நடைபெறுவது. முரசுமோட்டையிலிருந்து மகரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். தங்குவதற்கு இடமும் வயலைப் பார்ப்பதற்கு ஆளும் இல்லாத பெண், "முழுவதையும் எடுத்துவிடுங்கள்" என்று தானே சொல்லிவிடுகிறாள். அறிக்கையில் அது நோயாளியின் விருப்பம் என்று பதியப்படும். அவ்விருப்பத்தை வகுத்தது நோயன்று, வீதியின் நீளம். இரண்டாம் சத்திரசிகிச்சை நேரலாம் என்ற அச்சமும் அதே முடிவை நோக்கியே அவளைத் தள்ளுகிறது. ஆதலால் ஓரத்தை உடனுக்குடன் காட்டும் கருவியின் பயன் இரண்டாம் வெட்டைத் தவிர்ப்பதோடு முடிவதில்லை. மார்பகத்தைக் காக்கலாம் என்று ஒரு பெண்ணும் அவளது வைத்தியரும் துணிவதற்கு அது இடமளிக்கிறது.

இத்துறையில் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நெடுக்காக நடந்து, இனமத பேதமின்றித் திரட்டிய பணத்தால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. 300 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழ 75 ஆக இவ்வாறு சுருங்கிற்று. கதிர்ச்சிகிச்சையின் காலமும் சுருங்கியுள்ளது. 15 தடவைகளில் மூன்று வாரத்தில் முடிப்பது ஐந்து வாரத்துக்குக் குறைந்ததன்று எனப் பிரித்தானிய ஆய்வு 2008இற் காட்டிற்று. தகுந்த நோயாளருக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவைகளே போதும் என 2020இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. இவ்விரண்டும் ஆய்வுகூட வெற்றிகளாகப் போற்றப்படுகின்றன. வன்னிப் பெண்ணொருத்திக்கு அவை விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே சிகிச்சையை முடித்துக்கொள்ளத் தந்த நாட்கள்.

புதிய ஒளிக்கோல் எமது வைத்தியசாலைகளுக்கு ஒருநாள் வரும், வரவேண்டும். வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எமக்கில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்திலே ஒரு கழியொலிக் கருவி, துண்டைப் படம்பிடிக்க ஒரு சிறு எக்ஸ்-கதிர்ப் பெட்டி, குழியின் சுவரைச் சீவும் ஒழுங்கு, வாரங்களை நாட்களாக்கும் நோயியற் பிரிவு ஆகியவை எமது கைக்கு எட்டுவன. 1996 முதல் கிராமங்களில் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகச் சோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே அங்கு சென்ற பெண்ணின் ஓரத்தைக் காப்பது எந்தக் கருவிக்கும் எளிது.

கருவியொன்றின் சிறப்பை அதன் நுட்பத்தால் அளப்பது ஆய்வுகூடத்துக்குப் பொருந்தும். வைத்தியசாலைக்கு வேறோர் அளவுகோல் உண்டு. ஓராண்டில் அவ்வைத்தியசாலையிலிருந்து எத்தனை பெண்கள் இரண்டாம் முறை வெட்டப்படுவதற்காக மீண்டும் பஸ் ஏறினார்கள் என்பதே அது. அந்த எண்ணை ஒவ்வொரு சத்திரசிகிச்சைப் பிரிவும் எண்ணிப் பதிந்து, அடுத்த ஆண்டில் அதைக் குறைக்க முற்படுமாயின், எந்தக் கருவியை வாங்குவது, எதை வாங்காது விடுவது என்ற வினாவுக்கு அவ்வெண்ணே விடை சொல்லும்.